புகையைக் குளிப்பாட்டியவன் நான்

இரும்பு உருக்கும் குப்போலா உலை, இந்தக் கையால் நின்றவை மொத்தம் பதினொன்று. கணபதியில் மூன்று, பீளமேட்டில் நான்கு, சிங்காநல்லூரில் இரண்டு, ஒண்டிப்புதூரில் ஒன்று, போத்தனூரில் ரயில் பாதைக்கு ஓரமாக ஒன்று. ஒன்றுகூடச் சாயவில்லை, ஒன்றுகூட வெடிக்கவில்லை. என் கீழே வேலை பழகியவர்களில் பலர் இன்று சொந்தப் பவுண்டரி வைத்திருக்கிறார்கள். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடாக்கினேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படிக்கவில்லை. கிணறு வற்றி, மாட்டை விற்ற வருடம் பலகையைக் கீழே வைத்தவன் திரும்ப எடுக்கவில்லை.

இதெல்லாம் ஊரில் பலரும் செய்ததுதான். வேறு யாரும் செய்யாத ஒன்றை நான் செய்தேன். புகையைக் குளிப்பாட்டி அனுப்பினேன். சிரிக்க வேண்டாம், விவரமாகச் சொல்கிறேன்.

நான் உழைத்த பவுண்டரி இப்போது ஊருக்கு வெளியே பெரிய ஆலையாக இருக்கிறது. பொன்விழா வருகிறது. வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம். என்னிடம் வேலை பழகி, இன்று அங்கே மேஸ்திரியாக இருக்கும் சிவக்குமார் வீட்டுக்கு வந்து அதன் வாசகத்தைப் படித்துக் காட்டினார். 'குடியிருப்புப் பகுதியில் புகையைக் கட்டுப்படுத்தி முன்மாதிரியாக விளங்கியது நமது நிர்வாகம்' என்று ஒரு வரி.

"நிர்வாகம் என்னைக்குங்க ஏணி ஏறுச்சு?" என்று கேட்டேன்.

"அதத்தானுங்கண்ணா நானும் கேட்டேன். நடந்ததை நீங்களே எழுதிக் குடுத்துப்போடுங்க, விழா மலர்ல போட்டர்லாம்னாங்க."

எழுதுகிறேன். போடுகிறார்களா என்று பார்ப்போம்.

அன்னூர்ப் பக்கத்து வறண்ட காட்டிலிருந்து வந்து, மண் சலிக்கும் வேலையில் சேர்ந்தேன். பழைய உலைக்காரர் ஒருவர் தொழில் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தப்புச் செய்தால் இடுக்கியால் முதுகில் ஒன்று விழும், அதுதான் பாடம். அவர் போன பிறகு உலை என் கைக்கு வந்தது.

குப்போலா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பனைமர உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய். உள்ளே தீச்செங்கல். அடியில் மணலை இடித்து மெத்தை போட்டு, விறகு அடுக்கி, அதன்மேல் கல்கரியைக் கொட்டிப் பற்ற வைக்க வேண்டும். கல்கரி சிவந்ததும் மேலே உள்ள வாசல் வழியாக இரும்பு ஓர் அடுக்கு, கரி ஓர் அடுக்கு, சுண்ணாம்புக்கல் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிறகு காற்று. ப்ளோயர் கத்தத் தொடங்கினால் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. காற்று நுழையும் துவாரத்தில் ஒரு நீலக் கண்ணாடி இருக்கும். அதில் கண்ணை வைத்தால் உருகிய இரும்பு மழைத்துளி போலச் சொட்டுவது தெரியும். துளி வெள்ளையாக வந்தால் சூடு சரி. மஞ்சள் தட்டினால் கரி போதவில்லை. அப்போது காற்றைக் கூட்டி உலையை ஏமாற்ற நினைப்பவன் அன்றைய வார்ப்பு முழுவதையும் உடைத்துக் கொட்ட வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் உருக்குவோம், புதனும் சனியும். மற்ற நாட்களில் அச்சு கட்டும் வேலை. பீளமேட்டுக்குப் பின்புறம் எங்கள் பவுண்டரி இருந்த வீதியில் எல்லாப் பெண்களுக்கும் இது மனப்பாடம். புதனும் சனியும் கொடியில் ஒரு துணி தொங்காது. குழந்தையின் கோவணத்தைக்கூட உள்ளேதான் காயப்போடுவார்கள். கல்கரி லாரி வராமல் போனாலோ, மின்சாரம் தடைபட்டாலோ நாள் மாறும். மாறினால் வீதி முனையில் நின்று சத்தம் போடுவது என் வேலை.

"அம்மணிகளா! நாளைக்கு நெருப்பு இல்லீங்கோ! வெள்ளி தானுங்கோ!"

"சரிங்கோ!" என்று நாலைந்து வீட்டிலிருந்து பதில் வரும். யாரும் சட்டம் போடவில்லை. பவுண்டரி இருந்ததால்தான் அந்த வீதியே இருந்தது. பாதி வீட்டுக்காரர்கள் எங்களிடமோ பக்கத்து மில்லிலோ வேலை பார்த்தவர்கள். கரி பறந்தால் சோறு இருக்கிறது என்று அர்த்தம்.

தொண்ணூறுகள் பிறந்தன. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கதவைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆர்டர் வந்தது, அது தெரியும். பம்பு உடல், மோட்டார் உறை, கம்ப்ரசர் பாகம் என்று வடக்கேயிருந்தும் கேட்டார்கள். வாரம் இரண்டு உருக்கு மூன்றாகி, நாலாகி, ஞாயிறு தவிர எல்லா நாளும் என்றானது. கூலி ஏறியது. வீதியில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக மொட்டை மாடியாயின. டிவி வந்தது, மொபெட் வந்தது, பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள்.

நான் யோசித்துப் பார்த்தது ஒன்று உண்டு. ஓட்டு வீடாக இருந்தவரை கரி ஓட்டின்மேல் விழுந்து மழையில் போனது. மாடி கட்டிய பிறகு, மாடியில் எதையாவது காயப்போடத் தோன்றியது. மாடிக்குக் காசு கொடுத்தது உலை. அந்த மாடிமேல் கரியைக் கொட்டியதும் அதே உலை. வளர்ச்சி, வளர்ச்சி என்கிறார்களே, எனக்கு அது வந்து சேர்ந்தது இந்த இரண்டு ரூபத்திலும்தான்.

ரங்கநாயகி வீடு பவுண்டரிக்கு நேர் கிழக்கே இரண்டாவது மாடி வீடு. அவர் கணவர் வேலை பார்த்த மில் மூடிவிட்டது. அவர் வேலை தேடி அலைந்த நேரத்தில் ரங்கநாயகி அப்பளம் போட ஆரம்பித்தார். மிளகு அப்பளம், சீரக அப்பளம். வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. வீட்டில் அப்பளம் இடுவது குறைந்து, கடையில் வாங்குவது கூடியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டார். பெண்ணை நர்ஸ் படிப்பில் சேர்த்தார். எங்களுக்கு ஆர்டர் பெருகியதுபோலவே அவருக்கும் பெருகியது. வாரத்தில் நாலு நாள் வெயில் இருந்தவரை இரண்டு தொழிலும் ஒரே வானத்தின் கீழ் நடந்தன. நாங்கள் தினமும் உருக்கத் தொடங்கியபோது அவருக்கு வெயில் இல்லாமல் போயிற்று.

இங்கே முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவசாயக் குடும்பம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எத்தனை கரியில் நடந்தாலும் வேட்டியில் ஒரு பொட்டு ஒட்டாது. அது அவர் வித்தை. சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் "டேய் ஆறுச்சாமி" என்பார். சாதாரணமாக "ஏப்பா" என்பார். மரியாதை ஏற ஏறத்தான் ஆபத்து. "வாங்க" என்றால் ஏதோ தப்பு. "வாங்க, உக்காருங்க" என்றால் பெரிய தப்பு. "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டால் அந்த ஆள் மறுநாள் வேலையில் இருக்க மாட்டான். டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போன இரண்டு பேரை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் புனேயிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்தவர் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வார்ப்பை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ரங்கநாயகி கையில் ஒரு தட்டோடு நேராக உள்ளே வந்தார். தட்டு நிறையப் பொரித்த அப்பளம்.

"ஒறம்பரை வந்திருக்காங்களாட்ட இருக்குது. சாப்பிடுங்க சாமி," என்று விருந்தாளியான புனேக்காரர் முன்னால் வைத்தார்.

அவர் மகிழ்ச்சியாக ஒன்றை எடுத்துக் கடித்தார். நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது. முகம் கோணியது.

"மிளகு அப்பளமுங்க. கறுப்பா இருக்கறதெல்லாம் மிளகுன்னு நெனச்சுப்போடாதீங்க. பாதி எங்குளுது, பாதி இவங்குளுது," என்றார் ரங்கநாயகி. பிறகு முதலாளியைப் பார்த்து, "கடைக்காரரு மூணு வாட்டி திருப்பி அனுப்பிட்டாருங்க. இன்னொருக்கா அனுப்புனா என்ற தொழில் அவ்வளவுதான். ஒண்ணு உங்க நெருப்பு நிக்கோணும், இல்லாட்டி என்ற அடுப்பு நிக்கோணும். எதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க. சொல்லாட்டி ஆபீசர்களக் கூட்டிக்கிட்டு வாரேன்."

அவர் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"வாங்க ஆறுச்சாமி. உக்காருங்க."

டீ என்ற சொல் வருவதற்குள் நானே பேசிவிட்டேன். "புகையை நான் புடிச்சுத் தாரனுங்க."

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. மின்சார உலை ஓட்ட அந்த அளவு மின்சாரம் கிடைக்காது, கேட்டுக் காத்திருந்தவர்கள் வரிசை நீளம். ஊருக்கு வெளியே போக அப்போது வசதி இல்லை. அதிகாரிகள் வந்து உலையை நிறுத்தினால் அறுபது குடும்பம் தெருவில் நிற்கும், அதில் என் குடும்பம் முதல். நிறுத்தாவிட்டால் ரங்கநாயகியின் பெண் படிப்பை விட்டுவிட்டு வர வேண்டும். எனக்கும் மூன்று பெண்கள். எந்தப் பக்கம் தோற்றாலும் வீதி தோற்றது போலத்தான்.

கோட்டைமேட்டில் ஜமீல் பாய் என்று ஓர் இன்ஜினியர் இருந்தார். அவர் குடும்பம் தலைமுறையாகப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியது. இவர் படித்து, ஆலைகளுக்குத் தூசி பிடிக்கும் பெட்டிகள் செய்துகொண்டிருந்தார். வந்து உலையை அண்ணாந்து பார்த்தார். நான் என் யோசனையைச் சொன்னேன். குழாயின் வாயில் துளை போட்ட தண்ணீர்ப் பைப்பைத் தொங்கவிட்டால் புகை நனைந்து கீழே விழும்.

"நனையும்ண்ணே. தண்ணியும் சேர்ந்து உள்ள விழும். உருகுன இரும்பு மேல ஒரு குடம் தண்ணி விழுந்தா அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் கோட்டைமேட்லயும் அன்னூர்லயும் பொறுக்கி எடுப்பாங்க."

அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். அவர் படம் போட்டார். குழாயின் வாய்க்கு மேலே பெரிய கூம்பு ஒன்று, குடை விரித்ததுபோல. குடையின் உச்சியில் தண்ணீர் விட்டால் நாலாபுறமும் வழிந்து விளிம்பில் திரைபோல இறங்கும். புகை அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். கரி தண்ணீரோடு சுற்றியுள்ள தொட்டியில் விழும். ஒரு சொட்டும் உலைக்குள் போகாது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சரிவு என்பதெல்லாம் அவர் கணக்கு.

தகட்டில் செய்த குடை ஒரு மாதம் தாங்கவில்லை. கீழேயிருந்து அனல், மேலேயிருந்து தண்ணீர். நெளிந்து, துருவேறி, ஓட்டையாகிவிட்டது. பாய் தடித்த தகட்டுக்கு விலை விசாரிக்கப் போனார். நான் தடுத்தேன். "பாய், இது பவுண்டரிங்க. இட்லிக் கடைக்காரன் இட்லியை வெளிய வாங்குவானுங்களா?" என்று கேட்டேன். குடையை நாலு துண்டாக நானே அச்சுக் கட்டி, வார்ப்பிரும்பில் ஊற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கிலிக் கப்பி கட்டி, ஒவ்வொரு துண்டாக ஏற்றிப் பூட்டினோம். உச்சியில் நின்று போல்ட் முடுக்கியவன் நான். மேலேயிருந்து பார்த்தபோது மேற்கே மலை தெரிந்தது. இத்தனை வருடம் அந்தக் குழாயின் அடியில் நின்றவனுக்கு மலை அவ்வளவு பக்கம் என்று அன்றுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை மூட்டி, தகட்டுக் குடைக்குப் பயந்து அளந்து விட்ட தண்ணீரை இந்த முறை முழுதாகத் திறந்துவிட்டோம். கறுப்புப் புகை வரும் இடத்தில் வெள்ளை ஆவி வந்தது. வீதியே நின்று பார்த்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரங்கநாயகியைப் பார்த்தேன். அவர் மேலே பார்க்கவில்லை. கீழே சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைபோல் கறுப்புத் தண்ணீர் அவர் வீட்டை ஒட்டி ஓடியது.

"ஏனுங்கண்ணா, எங்களுக்குக் குடிக்கறதுக்குத் தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? நாங்க கொடத்த வெச்சுக்கிட்டு நிக்கறம், நீங்க புகையக் குளிப்பாட்டறீங்களாக்கும்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அடுத்த வாரம் சாக்கடை ஓரம் நின்ற அவருடைய வாழைக்கன்று கருகியது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பாய் ஒரு துண்டுக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்தார். அது சிவந்தது. "கல்கரில இருக்கற கந்தகம்ண்ணே. தண்ணி புளிச்சுப் போச்சு. சுண்ணாம்பு போட்டா சரியாயிரும்."

"சுண்ணாம்பா? அது எப்பவும் என் வாயிலயே இருக்குதுங்க," என்றேன், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

பவுண்டரிக்குப் பின்னால் மூன்று தொட்டிகள் கட்டினோம். முதல் தொட்டியில் கரி படியும், இரண்டாவதில் சுண்ணாம்பு, மூன்றாவதில் தெளிந்த தண்ணீர். அதை மோட்டார் மறுபடி குடைக்கு ஏற்றும். சாக்கடைக்கு ஒரு சொட்டு போகாது. ஆவியாகிப் போகும் அளவுக்குத்தான் புதுத் தண்ணீர், அதுவும் கூரையில் விழும் மழையைப் பிடித்து வைத்தது. இதில் மழைநீர் என் யோசனை. பலர் இன்று தங்கள் யோசனை என்கிறார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து கருவி வைத்து அளந்து சரி என்றார்கள். முதலாளி இனிப்பு வாங்கி வரச் சொன்னார். ரங்கநாயகி ஒப்புக்கொள்ளவில்லை.

"மிசினு சொன்னா கடைக்காரரு கேப்பாருங்களா? ஒண்ணு செய்யுங்க. உங்க மொதலாளியோட வெள்ளை வேட்டி ஒண்ணத் தொவச்சுத் தாரேன். காலைல எங்க மாடில காயப்போடறேன். பொழுதுக்கும் உலை ஓடட்டும். சாயங்காலம் அதே வேட்டியக் கட்டிக்கிட்டு அவரு கல்யாணத்துக்குப் போனாருன்னா, நான் அப்பளத்தக் காயப்போடறேன்."

முதலாளிக்கு அன்று மாலை சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. வேட்டியைக் கொடுத்தனுப்பினார். என்னைப் பார்த்து, "பாத்துக்குங்க," என்றார். 'ங்க' என்று முடித்ததில் எனக்கு வியர்த்தது.

அன்றைக்கு உருக்கியதுபோல் நான் என்றும் உருக்கியதில்லை. கரியை ஒவ்வொரு கூடையாக நானே பார்த்துப் போட்டேன். ஈரக் கரி இருந்தால் ஒதுக்கினேன். காற்றை ஒரே சீராக வைத்தேன். நீலக் கண்ணாடியில் துளி வெள்ளையாகவே இறங்கியது. பாய் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. பொழுது சாய்ந்ததும் அடியைத் திறந்து உலையை இறக்கிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் மூன்று பேரும் ரங்கநாயகி மாடிக்கு ஏறினோம். முதலாளி முன்னால், பாய் அடுத்து, நான் கடைசி. பக்கத்து மாடிகளில் எல்லாம் பெண்கள்.

வேட்டி கொடியில் பால்போல ஆடியது. முதலாளி அதைக் கையில் வாங்கி விரித்தார். கரையோரமாக ஒரு கறுப்புப் பொட்டு.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி வேட்டியை மெதுவாக மடிக்கத் தொடங்கினார். "டீ..." என்று ஆரம்பித்தாரோ, எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ தெரியாது.

ரங்கநாயகி வேட்டியை வாங்கினார். அந்தப் பொட்டை நகத்தால் எடுத்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடிச் சப்பினார்.

"மிளகுங்க," என்றார். "காலைல கல்லுல ஒடச்சுப்போட்டு, அதே கையோட வேட்டிய ஒதறுனேன். எங்குளுதே தானுங்க."

பக்கத்து மாடிகளில் எழுந்த சிரிப்பு ப்ளோயர் சத்தத்தையும் தோற்கடித்திருக்கும். முதலாளி அங்கேயே, கட்டியிருந்த வேட்டிக்கு மேல் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே இருந்ததை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தார்.

"டேய் ஆறுச்சாமி. மூஞ்சியக் கழுவீட்டு வாடா, கல்யாணத்துக்குப் போலாம்."

போனேன். அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் உலையும் ஓடியது, அப்பளமும் காய்ந்தது. வீதி முனையில் நின்று சத்தம் போடும் வேலை எனக்கு அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு மற்றப் பவுண்டரிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். நானும் பாயும் பல உலைகளுக்குக் குடை மாட்டினோம். ரங்கநாயகியின் பெண் படிப்பை முடித்து நர்ஸானாள். அப்பளம் இன்று பெரிய கடைகளில் விற்கிறது. பவுண்டரியும் பிறகு மின்சார உலை வாங்கி ஊருக்கு வெளியே போயிற்று. அந்தக் குடையைப் பழைய இரும்பு என்று போட்டு உருக்கினார்களாம். எனக்கு வருத்தமில்லை. இரும்பு இன்னொன்றாக ஆவதுதான் எங்கள் தொழில். தொழில் பெருகினால் ஊர் கறுத்தே தீரும் என்று பேசுபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கறுக்கும், யாரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து கேட்காவிட்டால். கேட்டால், செய்வதற்குக் கையும் தலையும் இந்த ஊரில் இருக்கின்றன.

இனி கல்வெட்டு விஷயம். முதலாளி இப்போது இல்லை. அவருடைய மகனை நேரில் பார்த்தேன். "வாங்க, உக்காருங்க" என்றார். டீயும் வரவழைத்தார். அந்த மரியாதைக்கெல்லாம் நான் அசைகிறவன் இல்லை.

'நிர்வாகம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு மூன்று பெயர் போட வேண்டும். முதலில் உலைக்காரர் ஆறுச்சாமி, எழுத்து கொஞ்சம் பெரிதாக. அடுத்து இன்ஜினியர் ஜமீல். மூன்றாவது, அப்பளம் ரங்கநாயகி. அவரிடம் கேட்டுவிட்டேன். "என்ற பேரு எதுக்குங்க?" என்றார். அதிகாரிகள் சரி என்ற பிறகும் சரியில்லை என்றது அவர் ஒருவர்தான். அவர் பெயர் இல்லாத கல்லில் என் பெயரும் வேண்டாம். ஆனால் கல்லில் என் பெயர் வேண்டும்.

அப்படிச் செதுக்கினால் விழாவுக்கு வருகிறேன். வேட்டி துவைத்து மாடியில்தான் போட்டிருக்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது.